தேய்மானம்

பதின்மூன்றாம் கொண்டை ஊசி வளைவு.
மார்கழி. துடைக்கத் துடைக்கக் கண்ணாடியில் பனி.
காட்டெருமைக்கு வழிவிட்டு நின்றிருக்கிறது
அறுபத்தேழாம் வருசத்து ட்ரையம்ப்:
இரண்டே இருக்கை, துணிக்கூரை,
பிரேக் விளக்கில் ஒன்று எரியாது.
பின்னால் பேட்டரியில் இறங்கி வந்த ஹைபிரிட்
தானாகவே பிரேக் பிடித்தும்
ஒரு முழம் தவறியிருக்கிறது.

இடித்த சத்தத்துக்குக் காட்டெருமை
திரும்பிப் பார்த்ததாம்.
இரு தரப்பும் ஒத்துக்கொண்டது
அதை மட்டும்தான்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
இரண்டுக்கும் ஒரே கம்பெனி, எனவே ஒரே ஆள்.
குரங்குச்சாவடி ஷெட்டில்
பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.
பெரியதன் கதவு நிழலுக்குள்
சின்னது முழுசாக அடங்கியிருந்தது.

ஜவ்வரிசி ஆலை நல்லதம்பி
போனை என் முன்னால் நீட்டினார்.
கடைசி ஐந்து நொடி: வேகம் முப்பத்தொன்று,
ஸ்டியரிங் பதினெட்டு டிகிரி இடது,
வெளியே குளிர் ஒன்பது.
என்ன நடந்தது சார் என்றேன்.
அதான் அதுலயே இருக்கே மேடம் என்றார்.

நாகலூர் யூஜின்
பத்தொன்பதாம் வளைவிலிருந்து ஆரம்பித்தார்.
மூன்றாம் கியர் ஏன் முனகும்,
மழைக்கு முந்தின நாள் என்ஜின் எப்படி இருமும்,
எந்த வளைவில் எந்தத் தோட்டத்து நாய் குரைக்கும்.
பதின்மூன்றுக்கு வந்து சேர்வதற்குள்
டீ ஆறிவிட்டது.
நான் எழுதிக்கொண்டது ஒன்றரை வரி.

பிறகு விகிதம்.
பிளாஸ்டிக் பாகத்துக்கு, ஷோரூம் வாசலிலேயே
பாதி கழித்துவிட வேண்டும்.
இரும்புக்கு வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாக;
பத்து தாண்டினால் பாதி, அதோடு நின்றுவிடும்.
ஆக, நேற்று வந்த பம்பருக்கும் ஐம்பது,
ஐம்பத்தெட்டு வருசத்து மட்கார்டுக்கும் ஐம்பது.
இருபது வருசமாக நிரப்பும் படிவம்தான்.
அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.
பெயின்ட் அடிக்கிற பையன் என்னைப் பார்த்தான்.
தட்டுவடை செட்டிலிருந்து ஒரு பீட்ரூட் துருவல்
கழிவுத் தொகைக் கட்டத்தில் விழுந்து
சிவப்பாக ஊறியது.

பழுது முடிந்து மறு ஆய்வுக்கு
இரண்டிலும் மலையிறங்கிப் பார்த்தேன்.
ஹைபிரிட்டில் இறக்கமே தெரியவில்லை.
திரையில் பச்சைக் கோடு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.
பிரேக் மிதித்தால் மின்சாரம் மேடம்,
அடிவாரத்திலிருந்து அஸ்தம்பட்டி வரைக்கும்
அதுலயே போயிடலாம் என்றார் நல்லதம்பி.
விழுவதைக்கூட வரவு வைக்கும் வண்டி.
அவருக்கு அதில் இருந்த பெருமையை
நான் குறை சொல்ல மாட்டேன்.

ட்ரையம்பில் தரை என் இடுப்புக்குப் பக்கத்தில் ஓடியது.
ஒவ்வொரு வளைவும் முழங்கையில் வந்து இடித்தது.
இறங்கிய உயரமெல்லாம் பிரேக்கில் சூடாகி,
கருகி, மணத்து, காற்றோடு போனது.
எட்டாம் வளைவில் நிறுத்தி ஆற வைத்தார் யூஜின்.
கீழே சேலம், விளக்குப் போட ஆரம்பித்திருந்தது.
அவர் ஒன்றும் பேசவில்லை. கதையெல்லாம்
ஷெட்டிலேயே தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

என் வயசு நாற்பத்தாறு.
நானும் கொஞ்சம் இறங்கியிருக்கிறேன்:
ஒரு வீட்டிலிருந்து, ஒரு கையெழுத்திலிருந்து,
சூரமங்கலத்தில் ஒரு மாடிப்படியிலிருந்து
இரண்டு பைகளோடு.
எந்தக் கோடும் ஏறியதாக ஞாபகமில்லை.
கருகிய வாசனையும் பெரிதாக வரவில்லை.

இன்னொரு நாள், சம்பவ இடத்துப் படம்
சரியாக விழவில்லை என்று
ஸ்கூட்டரில் தனியாக ஏறினேன்.
படம் எடுத்து முடிக்கையில் பனி விலகியிருந்தது.
சாலையோரம் காட்டெருமைச் சாணம், புதுசு.
திரும்பும்போது
ஊரில் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான்:
சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன்.

பன்னிரண்டு, பதினொன்று, பத்து.
டயர் உருளும் சத்தம், சில்வர் ஓக் இலைகள்,
சேலை முந்தானை படபடப்பு.
எந்தப் பேட்டரியிலும் சேராத இறக்கம்,
எந்தப் படிவத்திலும் கட்டமில்லாதது,
அடிவாரச் செக்போஸ்ட் வரை
ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லாமல்
என்னுடையதாக இருந்தது.